பினோத் பிஹாரி முகர்ஜி: அருகிலிருந்து பார்த்த ஓவியர்

பினோத் பிஹாரி முகர்ஜி 1904 பிப்ரவரி 7 அன்று கல்கத்தாவை ஒட்டிய பெஹாலாவில் பிறந்தார். ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொரு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. தடித்த கண்ணாடி அணிந்தும், எந்தப் பொருளையும் முகத்தருகே கொண்டுவந்தால்தான் அவருக்கு அதன் உருவம் பிடிபடும். அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு ஐம்பது வயதைத் தாண்டும் வரை அவர் ஓவியம் வரைந்தார், சுவர்களையும் கூரைகளையும் நிரப்பினார். 1956–57 காலகட்டத்தில் கண்புரை அறுவைசிகிச்சை தோல்வியில் முடிந்து அந்தப் பார்வையும் போனது. அதற்குப் பிறகு 1980 நவம்பரில் மறையும் வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, பார்வை சற்றும் இல்லாத நிலையில் படம் வரைந்தார், காகிதம் வெட்டி ஒட்டினார், மெழுகில் உருவம் பிடித்தார், ஒரு பெரிய ஓட்டுச் சுவரோவியத்தையும் முடித்தார்.

இவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த இரண்டாம் பகுதியிலேயே நின்றுவிடுகிறது. கண் தெரியாதவர் வரைந்தார் என்ற வியப்பு அவ்வளவு பெரிது. அந்த வியப்பில் ஓவியங்கள் காணாமல் போகின்றன. இருபதாம் நூற்றாண்டு இந்தியச் சுவரோவியத்தில் முதல் வரிசையில் வைக்க வேண்டிய பணிகளை அவர் செய்து முடித்தது கண் ஓரளவு தெரிந்த காலத்தில்தான். அவற்றின் அமைப்பைக் கூர்ந்து கவனித்தால், குறைந்த பார்வையோடு உலகைக் கண்ட விதமே அவற்றின் இலக்கணமாக மாறியிருப்பது தெரியும். பார்வை முற்றிலும் போன பிறகு அவர் கையாண்ட முறையும் அதே இலக்கணத்தின் தொடர்ச்சிதான்.

பார்வைக் குறைவின் காரணமாக அவரது பள்ளிப்படிப்பு ஒழுங்காக நடக்கவில்லை. வீட்டில் படிப்புக்கும் கலைக்கும் குறைவில்லை. அண்ணன்களில் ஒருவரான வனபிஹாரி மருத்துவர். எழுத்தாளர், கேலிச்சித்திரக்காரர் என்றும் பெயர் பெற்றவர். 1917இல் பினோத் பிஹாரி சாந்திநிகேதனில் தாகூர் நடத்திய பள்ளிக்கு வந்து சேர்ந்தார். 1919இல் அங்கே கலாபவனம் என்ற கலைப்பள்ளி தொடங்கப்பட்டபோது அதன் முதல் மாணவர்களில் ஒருவரானார்.

அந்தச் சேர்க்கை எளிதாக நடந்துவிடவில்லை. கலாபவனத்தின் ஆசிரியரான நந்தலால் போஸுக்கு நியாயமான தயக்கம் இருந்தது: இவ்வளவு குறைந்த பார்வை உள்ள ஒரு பையனை ஓவியத்துக்குள் இழுப்பது அவன் எதிர்காலத்தைக் கெடுப்பதாகிவிடாதா? விஷயம் தாகூரிடம் போனது. பையன் ஈடுபாட்டோடு வேலை செய்கிறானா என்பதுதான் தாகூர் கேட்ட கேள்வி. செய்கிறான் என்றால் விட்டுவிடுங்கள், எதிர்காலக் கணக்கு வேண்டாம், அவரவர் வழியை அவரவர் கண்டுகொள்ளட்டும் என்பது அவர் தீர்ப்பின் சாரம். உடல் தகுதியைக் காட்டி ஒரு மாணவரை வாசலிலேயே நிறுத்திவிடும் பழக்கம் இன்றும் கலைக்கல்வியில் அற்றுப்போகவில்லை. 1919ஆம் ஆண்டின் இந்த முடிவு எவ்வளவு துணிவானது என்பதை அதை வைத்து அளக்கலாம்.

நந்தலாலின் பயிற்சி முறை இந்த மாணவருக்குப் பொருந்தி வந்தது. பாரிஸ் சாந்துச் சிலைகளை முன்னால் வைத்து நிழலும் ஒளியும் பிசகாமல் நகலெடுக்க வைக்கும் அரசு ஓவியப் பள்ளிப் பாடம் கலாபவனத்தில் கிடையாது. மாணவர்கள் வெளியே போவார்கள். மரத்தையும் மாட்டையும் சந்தாலர் குடிசையையும் பார்ப்பார்கள். திரும்பி வந்து நினைவிலிருந்து வரைவார்கள். நினைவிலிருந்து வரைவது கிட்டப்பார்வை உள்ளவருக்குப் பெரிய சலுகை. தூரத்திலுள்ள பொருளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே மறு கணம் தாளில் இறக்க வேண்டிய நெருக்கடி அதில் இல்லை. நடந்து போய், கிட்டே நின்று, சுற்றி வந்து, தொட்டுக்கூடப் பார்த்துவிட்டு வரலாம்.

அன்றைய வங்காள ஓவியத்தில் அபனீந்திரநாத் தாகூர் வழிவந்தவர்கள் புராணக் காட்சிகளையும் வரலாற்றுக் காட்சிகளையும் நீர்க்கரைசல் மங்கலில் தீட்டிக்கொண்டிருந்தார்கள். பினோத் பிஹாரி அந்தப் பக்கம் அதிகம் போகவில்லை. அவரைப் பிடித்தது பீர்பூம் மாவட்டத்து நிலம். சாந்திநிகேதனைச் சுற்றிச் செம்புறை மண்ணை மழைநீர் அரித்து அரித்துப் பள்ளமும் மேடுமாக ஆக்கிய வெளி உண்டு; அதைக் கோயாய் என்பார்கள். நிழல் குறைவு. ஆங்காங்கே ஒரு பனை, ஒரு புதர். கதை சொல்லும் எதுவும் அங்கே இல்லை. கதையே இல்லாத அந்த நிலத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து, அதை இந்திய ஓவியத்தின் பாடுபொருள்களில் ஒன்றாக்கியவர் அவர்.

இதற்கு அவர் தேர்ந்த வடிவங்களில் முக்கியமானது சுருளோவியம். சீன, ஜப்பானிய மரபில் வரும் கிடைச்சுருளை மேசைமீது வைத்து, ஒரு கையால் அவிழ்த்து மறு கையால் சுருட்டிக்கொண்டே பார்ப்பார்கள். எந்த நேரத்திலும் கண் முன்னால் இருப்பது ஒரு முழ நீளம்தான். முன்பு பார்த்தது நினைவில் இருக்கும். வரப்போவது சுருளுக்குள் இருக்கும். 1924இல், இருபது வயதில், சாந்திநிகேதன் காட்சிகளை ஏறக்குறைய 44 அடி நீளச் சுருளில் அவர் வரைந்தார். அகலமோ ஒரு சாண்கூட வராது. சட்டகமிட்ட ஓவியத்தைப் பத்தடி தள்ளி நின்று ஒரே பார்வையில் அள்ளிக்கொள்ள முடியாத ஒருவர், பார்வையாளர் எல்லோருமே கிட்டே குனிந்து, பகுதி பகுதியாகப் பார்த்தாக வேண்டிய வடிவத்தைக் கையில் எடுத்தது தற்செயல் ஆகாது. அந்தச் சுருளின் முன்னால் நல்ல கண் உள்ளவரும் பினோத் பிஹாரி பார்த்தபடியேதான் பார்க்க வேண்டும்.

1925 முதல் அவர் கலாபவனத்திலேயே ஆசிரியர். நூலகப் பொறுப்பும் அவரிடம் இருந்தது. நூல்களையும் படத்தொகுப்புகளையும் கண்ணருகே வைத்துப் படித்துப் பெற்ற கலை வரலாற்று அறிவு பிற்காலத்தில் அவரை அந்தத் துறையின் பெரிய ஆசிரியராக்கியது. 1937–38இல் ஜப்பான் சென்றார். முன்பே இந்தியாவுக்கு வந்து தாகூர் குடும்ப இல்லமான ஜோராசாங்கோவில் தங்கியிருந்த ஓவியர் அராய் காம்போவை அங்கே சந்தித்தார். பழைய ஜப்பானிய ஓவியர்களான தோபா சோஜோ, செஷ்ஷு, சோதாத்சு ஆகியோர் பெயரால் வழங்கும் படைப்புகளை நேரில் கண்டார். திரும்பி வந்தபின் அவரது தூரிகைக் கோடு மாறியது. தூரிகையின் அழுத்தத்தால் தடித்து மெலியும் ஒரே கோட்டுக்குள் உருவமும் கனமும் திசையும் அடங்கிவிடும் கையெழுத்துப் பாங்கு வந்தது. அத்தகைய கோடு மணிக்கட்டிலும் தோளிலும் பிறப்பது. அதைப் போடக் கண் வேண்டும். ஆனால் அதை நினைவில் வைத்திருப்பது கைதான். பின்னாளில் கண் போனபோது அந்தக் கை போகவில்லை.

1940இல் கலாபவன மாணவர் விடுதியின் கூரையில் டெம்பரா முறையில் பீர்பூம் கிராமம் ஒன்றைத் தீட்டினார். நடுவில் ஒரு குளம். அதைச் சுற்றி நாற்புறமும் மரங்கள், குடிசைகள், ஆடுமாடுகள், வேலை செய்யும் மனிதர்கள். கூரை ஓவியத்தில் மேல், கீழ் எது என்ற சிக்கல் எப்போதும் உண்டு. ஐரோப்பியக் கூரைகளில் பெரும்பாலும் வானத்தைத் திறந்து தேவர்களைப் பறக்கவிட்டு அதைச் சமாளித்தார்கள். பினோத் பிஹாரி தலைக்கு மேலே ஒரு கிராமத்து மண்ணையே விரித்துவிட்டார். எந்தக் கட்டிலில் படுத்து அண்ணாந்தாலும் ஏதோ ஒரு கரையிலிருந்து குளத்தைப் பார்ப்பதாக இருக்கும். இன்னொரு கரையைப் பார்க்க உடலைத் திருப்பியாக வேண்டும். அந்த ஆண்டு அங்கே மாணவராக வந்து சேர்ந்த சத்யஜித் ராய், பினோத் பிஹாரி என்ற ஓவியரை முதலில் அறிந்தது இந்தக் கூரையின் கீழேதான்.

1942இல் சீனபவனத்தில் வளாக வாழ்க்கையைச் சுவரோவியமாக்கினார். ஆனால் அவரது உச்சம் 1946–47இல் இந்திபவனத்தில் தீட்டிய இடைக்கால அருளாளர்களின் வாழ்க்கை. கபீர் பற்றிய ஆய்வால் புகழ்பெற்ற ஹசாரி பிரசாத் துவிவேதி அப்போது இந்திபவனத்தில் இருந்தார். பக்திக் கவிஞர்களைப் பாடபுத்தகப் பெயர்களாக இல்லாமல் உயிருள்ள சமூக இயக்கமாகப் பார்க்கும் சூழல் அந்த வளாகத்தில் இருந்தது. நாடு பிரிவினையின் ரத்தத்தில் நனைந்துகொண்டிருந்த மாதங்களும் அவைதான். இந்து என்றும் முஸ்லிம் என்றும் பிரிக்க வராத நெசவாளி கபீரை அந்த நேரத்தில் சுவரில் ஏற்றியதற்குத் தனிப் பொருள் உண்டு.

அறையின் மூன்று சுவர்களில் மேற்பாதி முழுவதும் ஓவியம் ஓடுகிறது. தனித்தனிப் படங்களாகப் பிரிக்கும் கட்டங்கள் இல்லை. ராமானுஜர், கபீர், துளசிதாசர், சூர்தாசர் என்று அருளாளர்கள் வருகிறார்கள்; ஆனால் கூட்டத்துக்குள்ளிருந்து வருகிறார்கள். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் கிடையாது. பயணிகள், உழைப்பாளிகள், குழந்தையை இடுக்கிய பெண்கள், இரவலர்கள் ஆகியோரின் நடுவே சற்றே உயர்ந்த உருவமாக ஒருவர் நிற்கிறார், அவ்வளவுதான். நதியும் படித்துறையும் மதிலும் தெருவும் ஓர் இடத்தை இன்னோர் இடத்தோடு கோக்கின்றன. தமிழ் வாசகருக்கு இதில் ஓர் உறவு இருக்கிறது: ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த ராமானுஜரையும் வடக்கின் பக்தர்களையும் ஒரே நீரோட்டமாக, ஒரே சுவரில், இவ்வளவு பெரிய அளவில் காட்டிய நவீன ஓவியம் வேறொன்றைச் சொல்வது கடினம். பிறவியிலேயே பார்வையற்றவர் என்று மரபு சொல்லும் சூர்தாசரும் அந்தச் சுவரில் இருக்கிறார்.

இதைச் செய்த முறையைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். இது ஈரச்சுண்ண ஓவியம். சுவரில் சுண்ணச்சாந்து பூசி, அது ஈரமாக இருக்கும்போதே நீரில் குழைத்த நிறமியைத் தீட்ட வேண்டும். சாந்து உலர உலர, சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கல்லாக இறுகும்; நிறம் அதற்குள் சிறைப்படும். தனியாகப் பசை தேவையில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கருவறைச் சுற்றிலுள்ள சோழர் ஓவியங்களும் இவ்வகையின என்பது வேதியியலாளர் பரமசிவன் செய்த ஆய்வின் முடிவு. சாந்திநிகேதனில் இந்த நுட்பத்தைப் பயிற்றுவிக்க ஜெய்ப்பூரிலிருந்து நரசிங்லால் என்ற கைவினைஞரை நந்தலால் வரவழைத்திருந்தார். இந்த முறையின் கடுமை நேரத்தில் இருக்கிறது. அன்றன்று எவ்வளவு தீட்ட முடியுமோ அவ்வளவுக்குத்தான் அன்றைய சாந்து. தப்பாகப் போட்ட கோட்டை அழித்துத் திருத்த வழியில்லை. அந்தச் சாந்தையே கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

வழக்கமாக இதற்கு முன்னேற்பாடு ஒன்று உண்டு. சுவர் அளவுக்கே காகிதத்தில் படம் வரைந்து, கோடுகளில் துளையிட்டு, கரித்தூளைத் தட்டிச் சுவருக்கு மாற்றுவார்கள். பினோத் பிஹாரி சிறிய அளவில் ஒரு திட்டப்படத்தை வைத்துக்கொண்டார். சுவர் அளவு முன்வரைவு செய்யவில்லை. சாரத்தில் ஏறி, ஈரச்சுவரில் நேரடியாகத் தூரிகையை வைத்தார். சுவருக்கு மிக நெருக்கமாக நின்றால்தான் அவருக்குக் கோடு தெரியும். நெருக்கமாக நின்றால் ஓரிரு அடிக்கு மேல் தெரியாது. இறங்கி வந்து தள்ளி நின்று முழுவதையும் சரிபார்க்கலாம் என்றால், அந்தத் தூரத்தில் ஓவியம் அவர் கண்ணுக்கு மங்கல். ஆக, மூன்று சுவர் நீளத்துக்கு உருவங்களின் உயரமும் இடைவெளியும் கூட்டத்தின் அடர்வும் ஓய்வும் அவர் மனத்துக்குள்தான் அளக்கப்பட்டிருந்தன. சுருளோவியத்தில் இருபது வயதிலிருந்து பழகிய பயிற்சி இங்கே கைகொடுத்தது: ஒரு பகுதியைச் செய்யும்போதே கடந்ததையும் வரப்போவதையும் உடலில் ஏந்தியிருப்பது.

உதவியாளர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மனைவி லீலா, கிரிபால் சிங் ஷெகாவத், தேவகிநந்தன் சர்மா, ஜிதேந்திர குமார், கே.ஜி. சுப்ரமணியன் ஆகியோர் அந்தச் சுவரில் உழைத்தவர்கள். சாந்து பூசுவதும் நிறம் அரைப்பதும் நேரத்துக்கு எடுத்துக் கொடுப்பதும் இல்லாமல் ஈரச்சுண்ண ஓவியம் யாராலும் முடியாது. பார்வை குன்றியவருக்கு மட்டும் வேண்டிய சிறப்பு உதவி அன்று அது. இவர்களில் சுப்ரமணியன் கேரளத்துக் கூத்துப்பறம்பில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1924இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, விடுதலைப் போரில் சிறை சென்று, 1944இல் கலாபவனம் வந்தவர். பின்னாளில் பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் தலைமுறைகளை உருவாக்கிய ஆசிரியர். இந்தச் சாரத்தில் கற்றதை அவர் வாழ்நாள் முழுவதும் சுவர்களில் தொடர்ந்தார்.

1944இல் பினோத் பிஹாரி மணந்த லீலா மன்சுகானி கலாபவன மாணவி. பின்னர் மரத்திலும் வெண்கலத்திலும் தேர்ந்த சிற்பி. மகள் மிருணாளினி 1949இல் பிறந்தார். சணல் கயிற்றை முடிச்சிட்டு ஆளுயர உருவங்கள் செய்து உலகப் புகழ் பெற்ற சிற்பி அவர், 2015இல் மறைந்தார்.

1949இல் சாந்திநிகேதனை விட்டு நேபாளம் சென்று, காத்மாண்டுவில் அரசு அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்றார். நேவார் கைவினைஞர்களின் பட்டறைகளும் கோயில் மரவேலையும் தெரு மனிதர்களும் அவரது வரைதாள்களில் நிறைந்தன. பிறகு ராஜஸ்தானில் வனஸ்தலி வித்யாபீடம். அங்கும் சுவரோவியப் பணி. 1952இல் மசூரியில் லீலாவோடு சேர்ந்து ஓவியப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அது நீடிக்கவில்லை. மிச்சமிருந்த பார்வையும் குறைந்துகொண்டே வந்தது. பிறகுதான் தில்லியில் நடந்த அறுவைசிகிச்சையும் முழு இருளும்.

1958இல் கலாபவனம் அவரை மீண்டும் அழைத்துக்கொண்டது, கலை வரலாற்று ஆசிரியராக. பார்வையற்ற ஒருவர் ஓவிய வரலாறு கற்பித்தார் என்பது கேட்பதற்கு விந்தையாக இருக்கலாம். ஆனால் படங்களைக் கண்ணருகே வைத்து அங்குலம் அங்குலமாகப் படித்தவருக்கு அவை மனப்பாடம். பின்னர் கலாபவனத்தின் முதல்வராகவும் இருந்தார்.

படைப்பு வேலையும் நிற்கவில்லை. ஆனால் பழைய வேலையை அப்படியே தொடர அவர் முயலவில்லை. தொட்டறியக்கூடிய ஊடகங்களுக்கு மாறினார். மெழுகிலும் களிமண்ணிலும் சிறு உருவங்கள் பிடித்தார். உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருப்பதால் உருவம் முழுவதையும் விரல்கள் ஒரே நேரத்தில் அறியும். தாளில் வரையும்போது இடக்கை விரல்கள் இடத்தை அளந்து பிடித்துக்கொள்ள, வலக்கை ஸ்கெட்ச் பேனாவால் கோட்டை ஓட்டியது. அமர்ந்த மனிதர், படுத்த மனிதர், பெண், விலங்கு என எளிய உருவங்கள், தயக்கமில்லாத கோடு. ஜப்பானுக்குப் பின் கைக்குள் இறங்கிய அந்தக் கையெழுத்துக் கோடு இங்கே கண்ணின் துணையின்றி நடந்தது.

காகித வேலைகள் இவற்றைவிடச் செழுமையானவை. வண்ணத்தாளை மடித்து, வெட்டி, கிழித்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி உருவங்கள் அமைத்தார். மடிப்பின் விளிம்பு விரலுக்குக் கோடாகிறது. வெட்டிய தாளின் ஓரம் உருவத்தின் எல்லையாகிறது. எந்தத் தாள் என்ன நிறம் என்பதை உடனிருப்பவர் சொல்ல, எந்த நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம் என்பதை அவர் முடிவு செய்தார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நிறங்களோடு பழகியவரின் நினைவில் சிவப்பும் காவியும் நீலமும் அணையாமல் இருந்தன. பார்வையோடு இருந்தபோது அவர் நிறத்தில் சிக்கனக்காரர். கோயாயின் செம்மண்ணும் சாம்பலும் போதுமானவையாக இருந்தன. இந்தத் தாள் வேலைகளில்தான் நிறம் தட்டையாக, பளிச்சென்று, அச்சமின்றி வருகிறது. அவரது வாழ்நாள் பணியில் உண்மையான புதுமை எங்கே என்று கேட்டால், இந்திபவனச் சுவருக்கு அடுத்தபடி இவற்றைத்தான் சுட்ட வேண்டும்.

1972இல் கலாபவனச் சுவர் ஒன்றில் செராமிக் ஓடுகளால் ஆன சுவரோவியத்தை முடித்தார். காகித வெட்டில் கண்ட உருவ அமைப்பே அங்கே ஓட்டுக்கு மாறியது. ஓடுகளைத் தடவிப் பார்த்து, உருவங்களின் இடத்தைச் சொல்லிச் சொல்லி, மாணவர்களின் உதவியோடு அமைத்தார். அதே ஆண்டு சத்யஜித் ராய் தம் ஆசிரியரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். சுமார் இருபது நிமிடப் படம். அனுதாபம் கோரும் ஒரு காட்சிகூட அதில் இல்லை. அவர் தேநீர் போடுவதையும் வரைவதையும் அமைதியாகக் காட்டுகிறது. பார்வையின்மை தமக்கு ஒரு புது உணர்வு, புது அனுபவம் என்ற பினோத் பிஹாரியின் கருத்தும் படத்தில் வருகிறது. இழப்பை மறுக்கும் பேச்சு அது ஆகாது. இருளில் வெளி எப்படி இருக்கிறது, பொருள்கள் எப்படி வந்து சேர்கின்றன என்பதை ஒரு ஓவியராகவே அவர் ஆராய்ந்தார்.

அந்த ஆராய்ச்சியை எழுத்திலும் வைத்திருக்கிறார். சொல்லச் சொல்லப் பிறர் எழுதிக்கொண்ட வங்காள உரைநடை 'சித்ரகர்' என்ற நூலாக வந்தது. தன்வரலாறும், பார்வையற்ற ஒருவரை நடுவில் வைத்த புனைவும், கலை பற்றிய சிந்தனையும் அதில் உண்டு. கே.ஜி. சுப்ரமணியன் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். பார்வை போனபின் ஓர் அறைக்குள் நுழையும் மனிதன் ஒலியையும் காற்றையும் தரையின் சரிவையும் கொண்டு இடத்தைக் கட்டி எழுப்புவதை இவ்வளவு துல்லியமாக, தன்னிரக்கம் இல்லாமல் எழுதிய இந்திய ஓவியர் வேறு எவரையும் சொல்வது கடினம். தமிழில் இந்நூல் முழுமையாகக் கிடைக்க வேண்டும். ஓவியக் கல்லூரிகளுக்கும் பார்வையற்றோர் கல்வித் துறைக்கும் அது ஒருசேரப் பயன்படும்.

1974இல் இந்திய அரசு பத்மவிபூஷண் விருது அளித்தது. 1977இல் சாந்திநிகேதனிலுள்ள விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் தேசிகோத்தமா பட்டம் கிடைத்தது. நூற்றாண்டை ஒட்டி, ஓவியர் குலாம்முகமது ஷேக்கும் கலை வரலாற்றாசிரியர் ஆர். சிவகுமாரும் தொகுத்த பெரிய பின்னோக்குக் கண்காட்சி 2006–07இல் தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் நடந்தது. சிதறிக் கிடந்த சுருள்களும் தாள் வேலைகளும் அங்கேதான் முதன்முறையாகப் பெருமளவில் ஒன்றாக வைத்துப் பார்க்கப்பட்டன. கண் இருந்த காலம், இல்லாத காலம் என்று இரண்டாகப் பிளந்து பேசுவதற்கு இடமில்லை என்பதும் அதன்பின் ஆய்வாளர்களிடையே நிலைபெற்றது.

சுவரோவியங்களை எந்தக் கண்காட்சிக்கும் எடுத்துச் செல்ல முடியாது. விடுதிக் கூரையும் சீனபவனமும் இந்திபவனமும் ஓட்டுச் சுவரும் விசுவபாரதி வளாகத்திலேயே இருக்கின்றன. சாந்திநிகேதன் 2023 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பீர்பூமின் கோடை வெப்பமும் மழைக்கால ஈரமும் சுண்ணச்சாந்தைத் தொடர்ந்து தாக்குவதால், இந்தச் சுவர்களுக்கு இடைவிடாத பாதுகாப்புப் பணி தேவைப்படுகிறது.